உர்சுலா லெ குவின் பற்றிப் பேசலாமா? (அந்த 'அவன்' விவகாரம் உட்பட)

அரைத்தூக்கம் | செவ்வாய், இரவு 10:48

அமெரிக்க எழுத்தாளர் லெ குவினின் அறிவியல்புனைவு நாவல் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்', இரண்டு வாரமாகத் தாம்பரம் ரயிலில் நின்றபடியே படித்து நேற்றுதான் முடித்தேன். முதல் ஐம்பது பக்கம் நகரவே இல்லை. யார் எந்த நாட்டுக்காரர், எது ஊர்ப்பெயர், எது மாதத்தின் பெயர் என்று ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் அந்தப் பனிப்பாலைவனப் பயணம் வந்தது. இரண்டு நாள் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

எனக்கு ஒரு உறுத்தல். கெத்தன் என்ற அந்தக் கிரகத்தில் நிரந்தர ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் உடல் ஒரு பக்கம் சாயும், அது எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரியாது. பிள்ளை பெற்றவரே இன்னொரு பிள்ளைக்குத் தகப்பனாகவும் இருக்கலாம். இவ்வளவு யோசித்தவர், எல்லாரையும் ஏன் 'ஹீ' என்றே எழுதினார்? படிக்கும்போது மனதில் வருவதெல்லாம் ஆண்கள்தான்.

இந்த அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது வெள்ளைக் கிராப்புத் தலையோடு சிரிக்கும் ஒரு படம் மட்டுமே. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழுப்புத்தாள் | செவ்வாய், இரவு 11:36

தம்பி, சரியான இடத்தில்தான் உறுத்தியிருக்கிறது. 'ஹீ' விஷயத்துக்கு வேறு யாராவது வருவார்கள். நான் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். இவர் எழுத்துக்கு அந்த வீடு முக்கியம்.

1929 அக்டோபர் 21, கலிபோர்னியாவின் பெர்க்லி. அப்பா ஆல்ஃபிரட் குரோபர், அமெரிக்க மானிடவியலின் பெரிய தலைகளில் ஒருவர். அம்மா தியோடோரா, பின்னாளில் எழுத்தாளர். மூன்று அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி. கோடையில் நாபா பள்ளத்தாக்கில் இருந்த பழைய பண்ணை வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே பூர்வகுடி நண்பர்கள், ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த அறிஞர்கள், இயற்பியல்காரர்கள் என்று வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். ஓப்பன்ஹைமர் குடும்ப நண்பர். 1974இல் வந்த 'தி டிஸ்பொஸஸ்ட்' நாவலில் ஷெவெக் என்ற இயற்பியலாளர் வருகிறாரே, அவருக்கு ஓப்பன்ஹைமரின் சாயல் உண்டு என்று இவரே சொல்லியிருக்கிறார்.

இனி இஷியின் கதை. 1911இல் ஓரவில் என்ற ஊரில், ஒரு கசாப்புக் கொட்டடிப் பக்கம், பசியில் துவண்டுபோன ஒரு மனிதரைப் பிடித்தார்கள். யாஹி மக்களில் எஞ்சிய கடைசி ஆள். மற்றவர்கள் எல்லாரும் குடியேறிகளின் வேட்டையிலும் நோயிலும் போய்விட்டார்கள். பெயர் என்ன என்று கேட்டார்கள். அவர் வழக்கப்படி தன் பெயரைத் தானே சொல்லக்கூடாது, இன்னொருவர்தான் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். அந்த இன்னொருவர் உலகத்திலேயே இல்லை. பத்திரிகைக்காரர்கள் நச்சரிக்கவும், குரோபர்தான் 'இஷி' என்று வைத்தார். அவர்கள் மொழியில் 'மனிதன்' என்று பொருள். உண்மைப் பெயர் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. 1916இல் காசநோயில் இறந்தார்.

உர்சுலா பிறந்தது அதற்குப் பதின்மூன்று வருடம் கழித்து. சின்ன வயதில் இஷியைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாதாம். ஐம்பதுகளின் கடைசியில், அம்மா அந்த வரலாற்றை எழுதும் பேச்சு வந்தபோதுதான் கேள்விப்பட்டிருக்கிறார். அம்மாவின் புத்தகம் 1961இல் வந்தது. அதற்கு ஏழு வருடம் கழித்து மகள் எழுதிய எர்த்ஸீ என்ற மந்திரக்கதையில் ஒவ்வொருவருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதை யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் உயிரையே கையில் கொடுத்த மாதிரி. ஒன்றுக்கொன்று தொடர்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எனக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன.


மூன்றாம்நிலா | புதன், காலை 7:02

இஷி கதையின் பாதியைத்தான் சொன்னீர்கள் சார். அவர் இறந்ததும் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று குரோபர் வெளியூரிலிருந்து கடிதம் எழுதினார், உண்மை. ஆனால் கடிதம் வந்து சேருவதற்குள் அறுத்துவிட்டார்கள். அதன் பிறகு மூளையை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வைத்ததும் அதே குரோபர்தான். 2000இல்தான் அது பூர்வகுடிகளிடம் திரும்ப வந்து சேர்ந்தது. 2021 ஜனவரியில் பெர்க்லி பல்கலைக்கழகம் குரோபர் பெயரைக் கட்டடத்திலிருந்தே எடுத்துவிட்டது.

நேராகவே சொல்கிறேன். பேராசிரியர் வீட்டுப் பெண், கோடைக்குப் பண்ணை வீடு, ராட்கிளிஃபில் படிப்பு, 1952இல் கொலம்பியாவில் முதுகலை, 1953இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் பிரான்ஸ். குவீன் மேரி கப்பலில் ஒரு வரலாற்று மாணவரைப் பார்த்து, அந்த டிசம்பரிலேயே பாரிஸில் கல்யாணம். கணவர் சார்லஸ் பிறகு போர்ட்லாந்தில் பேராசிரியர். போராடி மேலே வந்தவர் என்று இவரைச் சொல்வார்கள், இதில் போராட்டம் எங்கே இருக்கிறது? இதே துறை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் விடியற்காலை எழுந்து எழுதிவிட்டுக் கூலி வேலைக்குப் போனவர். அதைப் போராட்டம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.


அடுக்களைஜன்னல் | புதன், மதியம் 2:20

பட்லர் பட்ட பாடு வேறு, அதில் எதிர்ப்பேச்சே இல்லை. வசதி இருந்தது என்பதும் சரி. லெ குவினும் அதை மறைத்தவர் இல்லை. ஆனால் வசதி இருந்தால் கதை அச்சாகிவிடும் என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

பதினொரு வயதில் ஒரு கதையை 'அஸ்டவுண்டிங்' பத்திரிகைக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. இருபதுகள் முழுக்க ஆர்சீனியா என்று ஐரோப்பா நடுவே ஒரு கற்பனை நாட்டை உருவாக்கி நாவல் நாவலாக எழுதினார். ஒன்றையும் எந்தப் பதிப்பகமும் எடுக்கவில்லை. நன்றாக இருக்கிறது, ஆனால் இது என்ன வகை என்றே தெரியவில்லை என்கிற மாதிரிப் பதில்கள். 1961இல் ஒரு சிற்றிதழில் முதல் சிறுகதை. 1962இல் 'ஃபென்டாஸ்டிக்' இதழின் ஆசிரியர் செலி கோல்ட்ஸ்மித் ஒரு கதையை எடுத்துக்கொண்டு காசும் கொடுத்தார். அப்போது வயது 32. கையில் இரண்டு குழந்தைகள், 1957இல் ஒன்று, 1959இல் ஒன்று. 1964இல் மூன்றாவது. பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எழுத்து.

எனக்கும் அதே நேரம்தான். பாத்திரம் கழுவி, அடுப்பு மேடை துடைத்து, சின்னவள் தூங்கிவிட்டாளா என்று ஒரு முறை எட்டிப் பார்த்து உட்காரும்போது மணி பத்தரை. முதல் பத்தி வருவதற்குள் கண் சொருகும். நான் ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய கதைக்கு மூன்று வருடம் பதிலே வரவில்லை. விசாரித்தால், 'எந்தக் கதை?' என்று கேட்டார்கள். பத்து வருடம் இப்படி நடந்தும் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றால், அப்பா யார் என்று நான் கேட்க மாட்டேன்.

இன்னொன்று. ஒரு ஆளால் இரண்டு முழுநேர வேலை பார்க்க முடியாது, ஆனால் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று வேலை பார்க்கலாம் என்று லெ குவின் எழுதியிருக்கிறார். சார்லஸும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். இந்தக் கணக்கை எழுதி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். இதுவரை யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை.


மூன்றாம்நிலா | புதன், மதியம் 2:41

:) சரி அக்கா, வாபஸ். ஃபிரிட்ஜ் விஷயத்தில் முழு ஆதரவு.


கடலோடி | புதன், இரவு 9:15

எர்த்ஸீயைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே? 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ', 1968. பர்னாசஸ் என்ற சின்னப் பதிப்பகம், பெரிய பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் எழுதித் தருவீர்களா என்று கேட்டது. அதுவரை சிறுவர்களுக்கு என்று எழுதியதில்லை, தயங்கியிருக்கிறார். அப்புறம் ஒரு சின்னக் கேள்வி தோன்றியது. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாரும் தாடி வைத்த கிழவர்கள், சரி. அவர்கள் பதினைந்து வயதில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எங்கே போய்ப் படித்தார்கள்? அதிலிருந்துதான் ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்கூடமும், கெட் என்ற ஆட்டுக்காரப் பையனும் வந்தார்கள்.

நான் பதினாறு வயதில் நூலகத்தில் எடுத்தேன். கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் தோழன் வெட்ச் நல்ல கறுப்பு. வெள்ளைத் தோல்காரர்கள் கிழக்கிலிருந்து கொள்ளையடிக்க வரும் கார்க் நாட்டவர்கள். 1968இல், அமெரிக்காவில், சிறுவர் புத்தகத்தில் இதை அறிவிப்பு எதுவும் இல்லாமல் செய்தார். வாசகன் கெட்டோடு ஒன்றிப்போன பிறகுதான் அவன் நிறம் உறைக்கும். வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருக்கிறார்.

ஆனால் அட்டைகளில்? பல பதிப்புகளில் கெட் வெளுத்துப்போய் நிற்பான். 2004இல் சை-ஃபை தொலைக்காட்சி எடுத்த தொடரிலும் வெள்ளை நடிகர்தான். அதற்கு லெ குவின் ஸ்லேட் இதழில் எழுதிய கட்டுரை, கண்ணியமான திட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பாடம். 2006இல் ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ எடுத்த படத்திலும் திருப்தி இல்லை. இயக்குநர் கோரோ மியாசாகி நேரில் கேட்டபோது, இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம் என்று சொல்லி முடித்துக்கொண்டார். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால், பந்தல் ஜோர் என்பது மாதிரி.


பேச்சுவழக்கு | வியாழன், காலை 6:30

'ஹீ' கேள்விக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்த இழைக்குள் வந்தேன்.

1969இல் நாவல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஒரு பதிப்பாசிரியர், படிக்கவே முடியவில்லை என்று முகவர் வர்ஜீனியா கிட்டுக்குக் கடிதம் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். பின்னாளில் லெ குவின் அந்தக் கடிதத்தை, அனுப்பியவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, தன் இணையதளத்தில் போட்டுவைத்தார். புது எழுத்தாளர்கள் பார்த்து ஆறுதலடையட்டும் என்று. அறிவியல்புனைவின் பெரிய விருதுகளான நெபுலா, ஹியூகோ இரண்டையும் நாவல் வாங்கியது. நாவலுக்கு ஹியூகோ வாங்கிய முதல் பெண் இவர்தான்.

பாராட்டோடு திட்டும் வந்தது, அரைத்தூக்கம் கேட்ட அதே கேள்விதான். 1976இல் ஒரு கட்டுரையில் பதில் சொன்னார்: ஆங்கிலத்தில் 'ஹீ' பொதுப்பால்தான், புதுச் சுட்டுப்பெயர் ஒன்றைக் கண்டுபிடித்து மொழியைக் குதற எனக்கு விருப்பமில்லை. கொஞ்சம் விறைப்பான பதில்.

பெரும்பாலான எழுத்தாளர்கள் அதோடு விட்டிருப்பார்கள். இவர் சுமார் பத்து வருடம் கழித்து அதே கட்டுரையை மறுபடி அச்சிட்டார். பழைய வரிகளில் ஒன்றையும் அடிக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே குறிப்பு எழுதிக்கொண்டு போனார். இங்கே நான் சப்பைக்கட்டுக் கட்டுகிறேன், இங்கே தவறு, இங்கே கோபத்தில் பேசியிருக்கிறேன் என்கிற ரீதியில். ஆசிரியை சிவப்பு மையில் திருத்துவாரே, அது மாதிரி. திருத்தப்பட்ட மாணவியும் அவரேதான்.

இடையில் செயலிலும் காட்டியிருந்தார். 'விண்டர்ஸ் கிங்' என்று அதே கிரகத்தில் நடக்கும் சிறுகதை 1969இல் 'ஹீ'யோடு வந்தது. 1975இல் தொகுப்பில் சேர்த்தபோது எல்லாரையும் 'ஷீ' ஆக்கிவிட்டு, 'கிங்', 'லார்ட்' போன்ற பட்டங்களை மட்டும் அப்படியே விட்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். கதையில் வேறெதுவும் பெரிதாக மாறவில்லை, ஆனால் அரண்மனையின் வாசனையே மாறிவிடும்.


அரைத்தூக்கம் | வியாழன், காலை 8:55

ரயிலில் இதைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு யோசனை. தமிழில் இந்தச் சிக்கலே இல்லையே! 'அவர்' இருக்கிறதே. 'அவர் வந்தார்.' ஆணா பெண்ணா, யாருக்குத் தெரியும்?


பேச்சுவழக்கு | வியாழன், காலை 9:40

பாதி சரி. 'அவர்' பாலை மறைக்கும், ஆனால் மரியாதையைக் கூடவே இழுத்து வரும். அந்தக் கிரகத்தின் ராஜாவுக்கு 'அவர்', சரி. சிறையில் அடிக்கும் காவலாளிக்கும் 'அவர்'தானா? குழந்தைக்கு? நாமே தொட்டில் குழந்தையை 'அது தூங்குது' என்போம், அங்கே தப்பிக்கலாம். ஆனால் பனியில் எண்பது நாள் ஒரே கூடாரத்தில் கிடக்கிறார்கள் இரண்டு பேர். ஒருவர் இன்னொருவரைப் பற்றி 'அவர் ஸ்டவ்வை அணைத்தார்' என்று எழுதினால் மாமனாரைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்காதா? நெருக்கம் வந்தால் நமக்கு 'அவன்' வேண்டும், இல்லை 'அவள்' வேண்டும். நம் மொழியில் பாசத்துக்குப் பால் உண்டு, மரியாதைக்கு இல்லை.


பழுப்புத்தாள் | வியாழன், காலை 10:05

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஆங்கிலத்தில் சுட்டுப்பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. தமிழில் வினைமுற்றுக்குள்ளேயே பால் உட்கார்ந்திருக்கிறது: வந்தான், வந்தாள். ஆனால் தன்மையில் இல்லை. 'வந்தேன்' என்றால் யாராகவும் இருக்கலாம். அந்தக் கூடாரத்து இருவரில் கெத்தன்காரரான எஸ்ட்ரவென் தன் நாட்குறிப்பில் தானே பேசும் அத்தியாயங்கள் தமிழில் அழகாக வரும். பூமியிலிருந்து போன கென்லி, எஸ்ட்ரவெனைப் பற்றிப் பேசும் அத்தியாயங்களில்தான் மொழிபெயர்ப்பாளர் மாட்டுவார். அது கதைக்கே பொருத்தம். கென்லிக்குத்தானே ஆண், பெண் என்று பார்க்காமல் இருக்க வரவில்லை.


அடுக்களைஜன்னல் | வியாழன், காலை 10:31

அப்படியானால் கென்லி முதலில் 'அவன்' என்றே சொல்லட்டும். அவனுடைய கண் அது. பனியில் பாதி வழியில் எஸ்ட்ரவெனை முழுசாகப் பார்க்கிறானே, அந்த இடத்தில் மட்டும் சுட்டுப்பெயரையே விட்டுவிட்டுப் பெயரைச் சொல்லி எழுதினால்?


பேச்சுவழக்கு | வியாழன், காலை 10:38

இதை நான் திருடிக்கொள்கிறேன். சொல்லிவிட்டுத் திருடுகிறேன்.


கடலோடி | வியாழன், மதியம் 1:10

ராஜா கர்ப்பம் என்று போகிற போக்கில் வரும் அந்தப் பிரபலமான வரியை எப்படிச் சொல்வீர்கள்? 'மன்னர் கர்ப்பமாக இருக்கிறார்' என்பது ஆஸ்பத்திரி அறிக்கை மாதிரி இருக்கிறது.


அடுக்களைஜன்னல் | வியாழன், மதியம் 1:14

'மன்னர் முழுகாமல் இருக்கிறார்.'


கடலோடி | வியாழன், மதியம் 1:15

முடிந்தது. இதற்கு மேல் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.


தனிவழி | வியாழன், இரவு 10:22

எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் ஒரு குறை சொல்லிக்கொள்ளலாமா? எர்த்ஸீ மூன்று புத்தகத்தோடு 1972இல் முடிந்தது. கச்சிதமான முடிவு, மூன்றாவது புத்தகத்துக்கு நேஷனல் புக் அவார்டும் கிடைத்தது. பதினெட்டு வருடம் கழித்து 1990இல் 'டெஹானு' என்று ஒன்றை எழுதி எல்லாவற்றையும் கலைத்துவிட்டார். கெட்டிடம் மந்திரமே இல்லை. ஆடு மேய்க்கிறான். இரண்டாம் புத்தகத்தின் நாயகி டெனார் பண்ணையில் துணி துவைக்கிறாள். நான் எதிர்பார்த்துப் போனது டிராகன். கிடைத்தது சமையலறை. தன்னைத் திருத்திக்கொள்வது பெரிய குணம்தான், ஆனால் அதற்கு என் பால்யகாலத்தையா அழித்து எழுத வேண்டும்?


அடுக்களைஜன்னல் | வியாழன், இரவு 11:50

டிராகனும் வருகிறதே, கடைசிவரை படித்தீர்களா?

உங்கள் கோபம் புரிகிறது. நானும் முதல் தடவை பாதியில் வைத்துவிட்டேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு. இரண்டாம் தடவை முப்பத்தெட்டில் எடுத்தேன். முதல் புத்தகத்திலேயே ஊரில் ஒரு சொலவடை வரும்: பெண்களின் மந்திரம் போல வலுவற்றது, பெண்களின் மந்திரம் போலப் பொல்லாதது என்று. ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமே கிடையாது. 1968இல் அதை எழுதும்போது இவருக்கே அது உறைக்கவில்லை, மந்திரக்கதை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். டெஹானுவில் பழைய வரி ஒன்றையும் மாற்றவில்லை. அதே தீவு, அதே ஆட்கள். பார்க்கும் இடம் மட்டும் மாறிவிட்டது, கோபுரத்திலிருந்து கிணற்றடிக்கு. முகத்தின் ஒரு பாதி தீயில் வெந்த ஒரு சிறுமியை டெனார் எடுத்து வளர்க்கிறாள். அந்தப் பிள்ளையை மந்திரத்தால் குணப்படுத்த யாராலும் முடியவில்லை. என்னால் அதற்கப்புறம் முதல் மூன்றைப் பழைய மாதிரி படிக்க முடியவில்லை, உண்மைதான். ஆனால் நட்டம் என்று தோன்றவில்லை.


தனிவழி | வெள்ளி, காலை 7:15

நான் படித்தது 19 வயதில். மறுபடி எடுக்கிறேன், ஆனால் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஒரு தகவல்: அந்தப் புத்தகத்தின் அட்டையிலேயே 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்று போட்டிருந்தார்கள். 2001இல் இன்னும் இரண்டு எழுதினார். அதையும் பின்னால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.


மூன்றாம்நிலா | வெள்ளி, காலை 8:02

நான் வாபஸ் வாங்கியதற்கு ஈடாக இரண்டு சம்பவம் தருகிறேன், இரண்டும் எனக்குப் பிடித்தவை.

1969இல் ஆண்கள் பத்திரிகையான 'பிளேபாய்' இவர் கதையை எடுத்துக்கொண்டது. வாசகர்கள் பெண் பெயரைப் பார்த்தால் மிரளுவார்கள், யு.கே. லெ குவின் என்று போடலாமா என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டார், பின்னால் வருந்தினார். ஆசிரியர் குறிப்பு கேட்டபோது மட்டும் பழி தீர்த்துக்கொண்டார்: யு.கே. லெ குவினின் எழுத்துகளை எழுதுவது அவர் இல்லை, அதே பெயர் கொண்ட வேறொருவர் என்று பலருக்கும் சந்தேகம் உண்டு என்று எழுதிக்கொடுத்தார்.

இரண்டாவது 1977. அமெரிக்க அறிவியல்புனைவு எழுத்தாளர் சங்கம், போலந்தின் ஸ்டானிஸ்லாவ் லெமுக்குக் கொடுத்திருந்த கௌரவ உறுப்பினர் தகுதியை முந்தைய வருடம் பறித்திருந்தது. அமெரிக்கர்களின் எழுத்தைக் கேவலமாக விமர்சித்தார் என்ற கடுப்பு. லெ குவின் அதை எதிர்த்து, நெபுலா போட்டியிலிருந்து தன் கதையை விலக்கிக்கொண்டார். பரிசு அந்தக் கதைக்குத்தான் என்று அதற்குள் முடிவாகியிருந்ததாம். அது எழுத்தாளர் ஐசக் அசிமோவுக்குப் போனது. அரசியல் சகிப்பின்மையை எதிர்த்து விட்டுக்கொடுத்த பரிசு, கம்யூனிச எதிர்ப்பில் ஊறிய அசிமோவ் கைக்குப் போனதே என்று இவரே நொந்து சிரித்திருக்கிறார்.


பழுப்புத்தாள் | வெள்ளி, மாலை 6:44

2014 உரையையும் சேர்த்துவிடுகிறேன். நேஷனல் புக் ஃபவுண்டேஷனின் வாழ்நாள் பதக்கம். எடுத்துக் கொடுத்தவர் எழுத்தாளர் நீல் கெய்மன். வயது 85, ஆறே நிமிடப் பேச்சு. தன்னை விருந்துக்கு அழைத்த பதிப்பாளர்கள் எதிரே நின்றுகொண்டு, நூலகங்களிடம் மின்னூலுக்கு ஆறேழு மடங்கு விலை வாங்குகிறீர்களே என்று கேட்டார். முதலாளித்துவத்திலிருந்து தப்பவே முடியாது போலத் தோன்றுகிறது, மன்னர்களின் தெய்வீக உரிமையும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது என்றார். அரங்கில் சிலர் கைதட்டினார்கள், சிலர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

2018 ஜனவரி 22, போர்ட்லாந்தில், ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த அதே வீட்டில் போய்ச் சேர்ந்தார். வயது 88.


அரைத்தூக்கம் | வெள்ளி, இரவு 9:30

நான் ஒரு கேள்விதான் கேட்டேன், நீங்கள் ஒரு வாரத்துக்குத் தீனி போட்டுவிட்டீர்கள். அடுத்து எர்த்ஸீ. முதல் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா? படித்துவிட்டுப் பத்திரமாகத் தருகிறேன்.


கடலோடி | வெள்ளி, இரவு 9:41

என்னிடம் இரண்டு பிரதி. ஒன்றை அனுப்புகிறேன், தனிமடலில் முகவரி கொடுங்கள். பழைய பதிப்பு, அட்டையில் கெட் பால்கோவா நிறத்தில் இருப்பான். பரவாயில்லையா?


அரைத்தூக்கம் | வெள்ளி, இரவு 9:43

பழுப்பு நிற அட்டை போட்டுக்கொள்கிறேன்.